முன்தேதியிட்டு

ஸ்ரீராமபுரம் ஐந்தாவது கிராஸில் என் கடை.
ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்.
ஊரடங்கில் எல்லா ஷட்டரும் இறங்கியபோது
என்னுடையது மட்டும் முழங்கால் உயரம் திறந்திருந்தது,
வார்டு ஆபீஸ் வேலை என்பதால்.

கெம்பராஜு குனிந்து உள்ளே வருவான்,
கையில் அடித்துத் திருத்திய ஒரு தாள்.
"அர்ஜெண்ட் அண்ணா, நூறு காப்பி."
கன்னடத்தில் ஒன்று, அடியில் நம் ஆட்களுக்குத் தமிழில்.
இரண்டிலும் கடைசி வரி மாறாது:
முந்தைய உத்தரவு ரத்து.
அந்த ஒரு சொல்லை மட்டும்
நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான்.

மார்க்கெட் காலையில் மட்டும் என்றார்கள்.
கூட்டம் சேர்கிறதென்று மாலைக்கு மாற்றினார்கள்.
பிறகு, மாலையில் இருட்டிவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள்.
கீரைக்காரி ஒருத்தி, எதற்கும் இருக்கட்டுமென்று,
நாள் முழுக்க என் கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.
அவளுக்கு இரண்டு முறை அபராதம்.

புதிதாக நான் எதையும் அடிப்பதில்லை.
பழைய ஃபைலைத் திறப்பேன்.
'கூடாது' என்பதைக் 'கூடும்' ஆக்க
இரண்டெழுத்து மாற்றினால் போதும்.
பசை காயாத தாளின் மேல் புதுத் தாள்.
ஆபீஸ் சுவர் ஒரு விரற்கடை தடித்துவிட்டது.
ஒரு பசு அதை மூலையிலிருந்து உரித்துத் தின்றது,
எந்த உத்தரவு வரைக்கும் போனதோ.

அந்த வியாழக்கிழமை, நாலு மணித் தாள்:
பரிசோதனை முடிவு இல்லாமல் யாருக்கும் படுக்கை இல்லை.
முந்தின நாள்வரை அது தேவைப்படவில்லை.
நூறு காப்பி. இருநூறு ரூபாய், கணக்கில்.

ஐந்தரைக்குத் தகர வேலை தாவீதைச்
சலோமி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.
ஆஸ்பத்திரி வாசலில் என் தாள், இன்னும் ஈரமாக.
வாட்ச்மேன் வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டினானாம்.
முடிவு வர இரண்டு நாள்.
அடுத்த ஆஸ்பத்திரி, அதற்கடுத்தது.
எல்லா வாசலிலும் என் எழுத்து,
பதினாலு பாயிண்ட், போல்டு.
ஆறே முக்காலுக்கு மாகடி ரோடு சிக்னலில்
பச்சை விழுந்தும்
டிரைவர் வண்டியை எடுக்கவில்லையாம்.

ஏழரைக்குக் கெம்பராஜு மறுபடி குனிந்தான்.
டிவியில் வந்துவிட்டது, மேலே யாரோ கத்தியிருக்கிறார்கள்.
முடிவு இல்லையென்று எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது.
முந்தைய உத்தரவு ரத்து.
இது இன்று காலை ஆறு மணி முதல்
அமலுக்கு வந்ததாகக் கருதப்படும்.

'கருதப்படும்' அடிக்கும்போது கை நின்றது.
அப்படியென்றால் ஐந்தரைக்கு
தாவீதுக்குப் படுக்கை இருந்தது.
தாளின்படி அவன் இப்போது படுத்திருக்கிறான்,
ஆக்சிஜன் ஏறுகிறது,
சலோமி வெளியே பெஞ்சில் டீ ஆற்றுகிறாள்.
நாலு மணித் தாளை யாரும் எழுதவில்லை,
நான் அடிக்கவில்லை,
இருநூறு ரூபாய் வாங்கவில்லை.
கையெழுத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஆள்.
நாலு மணிக்கு வாலை மேலே இழுத்திருக்கிறார்,
ஏழரைக்குக் கீழே.
"ஏன் அண்ணா, தப்பா?" என்றான் கெம்பராஜு.
"கன்னடத்தில் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.
அடித்துக் கொடுத்தேன்.

பதினெட்டு நாள் கழித்துச் சலோமி வந்தாள்.
நிவாரணத்துக்கு இறப்புச் சான்றிதழ், இரண்டு காப்பி.
மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், நேற்று மாறியிருக்கிறது என்றேன்.
காசு வேண்டாம் என்றது காதில் விழாத மாதிரி
ஆறு ரூபாயை எண்ணி மெஷின் மேல் வைத்தாள்.
அசல் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.
லேமினேட் பண்ணித் தரட்டுமா?
வாங்கி, நாலாய் மடித்து, பைக்குள் செருகிக்கொண்டு
ஷட்டருக்கு அடியில் குனிந்தவள் சொன்னாள்:
"வேணாண்ணா. இதையும் மாத்துவாங்கல்ல."